சலூன்காரர் என்ன சொன்னார்?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடை இருக்கிறது. இரண்டு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, ஒரு மர பெஞ்சு, நாலாக மடித்த தினத்தந்தி. செவ்வாய்க்கிழமை லீவு. கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பத்தாவது படிக்கும்போது என் அரும்பு மீசையில் முதன்முதலாகக் கத்தி வைத்தவர் அவர். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் வேலை பார்த்து, 2020-ல் கம்பெனி லேப்டாப்போடு ஊர் திரும்பியபோது அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். குஷன் மட்டும் மாறியிருந்தது.

அந்தக் கடையில் வாரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இந்த ஊரில் கல்யாணம் என்பது என்ன என்று ஒரு நாவல் அளவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த நாவலைத் தமிழில் யாரும் எழுதவில்லை. இதுதான் என் புகார். ஆட்சேபம் உள்ளவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டலாம்.

சலூன்காரர் கதையில் வந்தால் அவருக்கு நாம் இரண்டே வேலைதான் கொடுக்கிறோம். ஒன்று, வாய் ஓயாமல் பேசுவது. இல்லை, ரகசியத்தை வெளியே விடுவது. இரண்டாவதற்கு வயது அதிகம். மைதாஸ் ராஜாவுக்குக் கழுதைக் காது முளைத்த கதையை ஓவிட் 'மெட்டமார்ஃபோசிஸ்' பதினோராம் காண்டத்தில் எழுதியிருக்கிறார். முடிவெட்டுகிற அடிமைக்கு மட்டும் அது தெரியும். சொல்லவும் முடியாமல், சொல்லாமலிருக்கவும் முடியாமல் மண்ணில் குழி தோண்டி அதற்குள் முணுமுணுத்து மூடிவிட்டுப் போகிறான். அங்கே நாணல் முளைத்துக் காற்றில் பேசிவிடுகிறது. நாம் சின்ன வயதில் கேட்ட 'ராஜா காது கழுதைக் காது'ம் இதுதான். நாவிதரின் வாயில் ரகசியம் நிற்காது என்ற எண்ணம் இரண்டாயிரம் வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

2024-ல் வந்த 'மகாராஜா'வை யோசித்துப் பாருங்கள். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) நிதிலன் சாமிநாதன் அவ்வளவு சிக்கலாகக் கட்டிய கதையின் ஆணிவேர் ஒரு சந்தேகம்தான். தன்னைக் காட்டிக்கொடுத்தது முடிதிருத்துகிறவன் என்று ஒருவன் நினைத்துவிடுகிறான். உண்மையில் விஜய் சேதுபதி போனது கடையில் விட்டுப்போன நகையைத் திருப்பிக் கொடுக்க. அந்தத் தவறான எண்ணம் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அழிக்கிறது. சலூன்காரன் காதில் விழுந்திருக்கும், விழுந்ததை அவன் சொல்லியிருப்பான் என்ற நம் பழைய பயத்தைப் படம் கச்சிதமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அவன் காதில் வேறு என்ன விழுந்தது என்று மட்டும் கேட்பதில்லை. 'குசேலன்' (2008) பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசுபதி அழுகிறார், வடிவேலு சிரிக்க வைக்கிறார், ரஜினி வருகிறார். அதன் மூலக்கதை இந்திக்குப் போனபோது சலூன்காரர்கள் எதிர்த்ததால் 'பில்லு பார்பர்' வெறும் 'பில்லு' ஆனது என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மடோன் அஸ்வினின் 'மண்டேலா' (2021) நல்ல படம். ஆலமரத்தடியில் கிடக்கிற, ஊரே எடுபிடி வேலை வாங்குகிற ஒருவன் கைக்கு, ஊராட்சித் தேர்தலைத் தீர்மானிக்கிற ஒரே ஓட்டு வருகிறது. உத்திரமேரூர்க்காரனுக்கு அந்தப் படத்தில் கூடுதலாக ஒரு கிண்டல் கேட்கும். குடவோலை முறைக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஸ்கூலில் இருந்து வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முடிவெட்டுகிறவர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. ஆனால் அதே கல்வெட்டு, கணக்குக் காட்டாதவர்களோடு சேர்த்து, தகாத உறவு கொண்டவர்களையும் தகுதி இல்லாதவர்கள் என்று தள்ளுகிறது. அது சபைக்கு எப்படித் தெரியும்? யாரோ வந்து சொல்லியிருக்க வேண்டும். யார் என்று கல்வெட்டில் இல்லை. எனக்கு ஒரு ஊகம் உண்டு.

தமிழ்க் கல்யாணத்தில் நாவிதருக்கு இருந்த இடத்தை மறந்துவிட்டுத்தான் நாம் அவரை வாயாடியாக்கினோம். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். குடிமகன் என்பார்கள். பாட்டைக் கம்பர் இயற்றினார் என்பது மரபு. அவர் பாடி முடித்தால்தான் கல்யாணம் நிறைவு. வீட்டுக்காரம்மா பிள்ளைப்பேறு பார்ப்பார். மருத்துவர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. அதாவது ஒரே குடும்பத்தில் கணவர் திண்ணையில் ஆண்கள் சொல்வதைக் கேட்டார், மனைவி உள்ளறையில் பெண்கள் சொல்வதைக் கேட்டார். ராத்திரி ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசியிருந்தால் ஒரு கல்யாணத்தின் இரண்டு பக்கமும் அந்தக் குடிசையில் மட்டும்தான் முழுசாக இருந்திருக்கும். இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போனது, சவரம் சலூனுக்கு வந்தது, பெண்களின் தலைமுடி பியூட்டி பார்லருக்குப் போனது. இப்போது எங்கள் சலூனில் கேட்பது பாதிக் கதை. மீதி, பிரைடல் மேக்கப் போர்டு வைத்த மாடி அறையில், என்னால் போக முடியாத இடத்தில் இருக்கிறது. சலூனிலும் எல்லாருடைய பாதியும் கிடையாது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கிற கடைகள் பற்றிய செய்தி இன்றும் வருகிறதல்லவா? நாற்காலியில் உட்கார முடிந்தவன் கதைதான் கேட்கப்படும்.

இந்தப் பாதிக் கதை எவ்வளவு ஆபத்தானது என்று புரிந்து எழுதியவர் ரிங் லார்ட்னர். 1925-ல் வந்த அவருடைய 'ஹேர்கட்' சிறுகதையை இதுவரை படிக்காதவர்கள் இன்றைக்கே படித்துவிடுங்கள். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு முடிவெட்டிக்கொண்டே சலூன்காரர் பேசுகிறார். முழுக்கதையும் அந்தப் பேச்சுதான். சனிக்கிழமை தவறாமல் வந்து தனக்கென்று இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைத்த ஜிம் கெண்டல் என்பவனைப் பற்றி. ஜிம் தன் பெண்டாட்டிக்குக் காசு கொடுக்க மாட்டான். சர்க்கஸுக்குக் கூட்டிப் போகிறேன், வாசலில் நில்லுங்கள் என்று அவளிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு வராமலே இருப்பான். அவள் விவாகரத்து வாங்கியிருப்பாள், ஜீவனாம்சம் கிடைக்க வழியில்லாததால்தான் வாங்கவில்லை என்று சலூன்காரர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போய்விடுகிறார். அவருக்கு ஜிம் நல்ல தமாஷ்காரன், அவ்வளவுதான். கடைசியில் ஜிம் சுடப்பட்டுச் செத்தது விபத்தா என்று நமக்குத்தான் உறுத்துகிறது. அவர் தலை வாரிவிடுவதைப் பற்றிக் கேட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்.

இதைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அந்தச் சிரிப்பை நான் நேரில் கேட்டிருக்கிறேன். "வூட்டுக்காரி கோச்சிக்கினு ஆத்தா வூட்டுக்குப் பூட்டா, ரெண்டு நாள் நிம்மதி" என்று முகத்தில் நுரையோடு ஒருத்தர் சொல்வார், பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அவள் ஏன் போனாள் என்று யாரும் கேட்டதில்லை. அண்ணன் சிரிக்க மாட்டார். பிளேடு மாற்றுவார்.

நம்மில் இதற்கு நெருக்கமாகப் போனவர் இமையம். 'கோவேறு கழுதைக'ளில் (1994) ஆரோக்கியம் துணி வெளுக்கிறவள், அவளுக்கும் வீடு வீடாகத் தெரியும். அங்கே வீட்டுக் கதை தெரிந்தவளின் சொந்த வாழ்க்கைதான் நாவல். சலூனைப் பொறுத்தவரை கலைவாணன் இ.எம்.எஸ்.ஸின் 'ஒரு சவரக்காரனின் கவிதை மயிருகள்' அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர் தானே பேசிய தொகுப்பு. தலைப்பே முகத்தில் அடிக்கிறது, அடிக்கட்டும். ஆனால் அந்தக் குரலின் வேலை வேறு, தன் அவமானத்தைச் சொல்வது. எனக்கு வேண்டியது மற்றவர்கள் கதையைச் சுமந்துகொண்டு நிற்கிற மனுஷன். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தன் சலூனில் நூலகம் வைத்திருப்பது 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலிப் பேச்சு வரைக்கும் போனது. புத்தகம் படித்தால் கட்டணத்தில் சலுகை. பெரிய காரியம், மறுப்பில்லை. ஆனால் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் வந்தது. படிக்கிறவன் பேச மாட்டானே.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் இன்னும் டீக்கடையிலும் சலூனிலும் விசாரிப்பார்கள். மேட்ரிமோனி ஆப்பில் ஜாதகம் பொருந்தி, சம்பள ஸ்லிப்பைப் பார்த்த பிறகும் பெண்ணின் மாமா ஒருத்தர் ஷேவிங் செய்துகொள்கிற சாக்கில் வந்து உட்காருவார். "இன்னார் பையன் எப்படிங்க?" அண்ணனிடம் இதற்கு மூன்று பதில் உண்டு. "நல்ல பையன்" என்றால் நல்ல பையன். "நல்ல குடும்பம்" என்றால் பையனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. "நம்ம கடைக்கு அவ்ளோவா வர்றதில்லீங்க" என்றால் எழுந்து ஓடிவிட வேண்டும். எத்தனை மாமாக்களுக்கு இது புரிந்தது என்று தெரியாது.

ஒருநாள் மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. அவரே சொன்னார். எந்த வருஷம், யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பையனைப் பற்றி வந்து கேட்டார்கள். அந்தப் பையன் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் முன்னாடி ஒரு பெண்ணை அடித்ததைப் பெருமையாகச் சொல்லியிருந்தான். இவர் "நல்ல குடும்பம்" என்றார். அவர்கள் சந்தோஷமாகப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "எட்டு மாசத்துல பொண்ணு ஆத்தா வூட்டுக்கு வந்துட்ச்சு, தம்பி. காதுல தையல். நான் பொய் சொல்லல. ஆனா பொய்யி எதுன்னு அவங்களுக்குத் தெரியலியே." பேசும்போது கை நிற்கவில்லை. சீப்பு, கத்தரி, சீப்பு. அவர் வாயைத் திறந்திருந்தால்? அந்தப் பையன் குடும்பத்துக்குத்தான் கடையின் வாடகை போகிறது. மைதாஸின் நாவிதன் ராஜாவுக்குப் பயந்தான். இவர் பயந்தது அட்வான்ஸுக்கு. எந்த நாணலும் முளைக்கவில்லை.

என் கதையும் அங்கே இருக்கிறது. மூன்று வருஷக் கல்யாணத்தை இரண்டு பேரும் சம்மதித்து முடித்துக்கொண்டோம். இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த 13பி பிரிவு. முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம் யோசிக்க நேரம் தருவார்கள். இந்த ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நாங்கள் கேட்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் ஏழு முறையாவது முடிவெட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் படித்தவன், சொந்த விஷயத்தைச் சலூனில் பேசுகிறவன் இல்லை என்ற திமிர்.

அண்ணனுக்கு முதல் மாதத்திலிருந்தே தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டில் என்னிடம் அதைப் பற்றி ஒரு முறைகூட வாய் திறக்காத அப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரிந்தது அப்பா இறந்த பிறகு. பதினாறு முடிந்து முடி வெட்டப் போனேன். "அப்பா ரொம்பப் பேசுவாரு தம்பி, உன்னப் பத்தி" என்றார். என்ன பேசினார் என்று கேட்டேன். படிகாரக் கட்டியை நனைத்துக் கன்னத்தில் தேய்த்தார். "அது அவரு சொன்னது."

மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை. லார்ட்னரின் சலூன்காரர் எல்லாவற்றையும் சொல்லி ஒன்றும் புரியாதவர். எங்கள் அண்ணன் புரிந்துகொண்டு சொல்லாதவர். முதல் ஆளைக் கதைசொல்லியாக்கலாம். இரண்டாமவரை வைத்து எப்படி எழுதுவது? பெண்ணின் காதில் தையல் விழக் காரணமான அதே மௌனம்தான் என் அப்பாவின் வார்த்தைகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒன்றைத் திட்டிவிட்டு இன்னொன்றைக் கும்பிட எனக்குத் தெரியவில்லை. தமிழ் நாவலாசிரியர்கள் யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள், என்னால் ஆகவில்லை.

போன மாதம் போயிருந்தேன். அம்மா எனக்கு இரண்டாவது வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். துணியைக் கட்டிவிட்டு, தண்ணீர் ஸ்பிரேயை அடித்தபடி, "செங்கல்பட்டுலேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க தம்பி. உன்னப் பத்தி விசாரிச்சாங்க" என்றார்.

"என்ன சொன்னீங்கண்ணே?"

இரண்டு விரலை என் பிடரியில் வைத்து அழுத்தினார்.

"தலயக் குனி."