கரிய நகைச்சுவை நாவல்கள்: காகிதமும் மனிதனும்

கரிய நகைச்சுவை நாவல் என்பது சாவு, போர், ஊழல், அதிகாரத்தின் கொடுமை ஆகியவற்றை நகைப்பின் வழியாகச் சொல்லும் அங்கத நாவல் வகை. இவ்வகையில் ஒரு நாவலைப் படித்து முடித்த வாசகர் அடுத்ததைத் தேடும்போது பெரும்பாலும் அதே அளவு சிரிப்பை எதிர்பார்க்கிறார். நகைச்சுவை நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுவது. ஆகவே அந்தத் தேடல் பல சமயம் ஏமாற்றத்தில் முடிகிறது. சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தால், தொலைவில் இருக்கும் நாவல்களுக்கு இடையிலான உறவு தெரியவரும்.

நிகொலாய் கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' (1842), யாரோஸ்லாவ் ஹாசெக்கின் 'நல்ல படைவீரன் ஷ்வெய்க்' (1921-1923), ஜோசஃப் ஹெல்லரின் 'கேட்ச்-22' (1961), ஸ்ரீலால் சுக்லாவின் 'ராக் தர்பாரி' (1968) ஆகியவை ரஷ்ய, செக், ஆங்கில, இந்தி மொழிகளில் எழுதப்பட்டவை. நான்கிலும் சிரிப்பின் ஊற்று ஒன்றே. மனிதனைவிட அவனைப் பற்றிய காகிதம் அதிக உண்மையாகிவிடும் உலகத்தை இவை காட்டுகின்றன.

இறந்த ஆன்மாக்கள்

கோகலின் காலத்து ரஷ்யாவில் நிலவுடைமையாளர்கள் தங்கள் பண்ணையடிமைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி செலுத்தினர். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இறந்தவர்கள் பதிவேட்டில் உயிரோடு இருந்தார்கள். நாவலின் நாயகன் சிச்சிகோவ் ஊர் ஊராகச் சென்று இந்த இறந்தவர்களை விலைக்கு வாங்குகிறான். காகிதத்தில் உயிரோடு இருப்பவர்களை அடகு வைத்துக் கடன் பெறுவது அவன் திட்டம்.

செத்தவர்களை விற்பது பாவமா என்று எவரும் நெடுநேரம் தயங்குவதில்லை. விலை குறைவாகக் கேட்கப்படுகிறதோ என்றுதான் தயங்குகிறார்கள். ஒருவர் தன் இறந்த ஆட்களின் தொழில்திறமையைச் சொல்லி விலையை ஏற்றப் பார்க்கிறார். சிச்சிகோவின் மோசடி சிறியது. மனிதனை விற்பதையும் வாங்குவதையும் இயல்பாக்கிய அமைப்புதான் பெரிய மோசடி என்பது சிரித்து முடித்த பிறகே உறைக்கிறது.

நல்ல படைவீரன் ஷ்வெய்க்

ஷ்வெய்க் முன்பே ராணுவ மருத்துவக் குழுவால் மூடன் எனச் சான்றளிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவன். முதல் உலகப்போர் வந்ததும் அதே ராணுவம் அவனை அழைக்கிறது. மூட்டுவலியோடு சக்கர நாற்காலியில் ஏறி, போருக்கு ஆதரவாகக் கூவிக்கொண்டே போகிறான். மருத்துவர்கள் அவனை நடிப்பவன் என்கிறார்கள். ஒரு மதுக்கடைக்காரர், சுவரில் தொங்கிய பேரரசரின் படத்தை ஈக்கள் அசிங்கப்படுத்தியதால் கழற்றி வைத்ததாகச் சொல்கிறார். அந்தப் பேச்சுக்காகச் சிறைக்குப் போகிறார்.

ஷ்வெய்க் எந்த ஆணையையும் மறுப்பதில்லை. முழுமையாகக் கீழ்ப்படிந்தே ஆணைகளைப் பயனற்றதாக்குகிறான். அவன் உண்மையில் மூடனா, மூடனாக நடிப்பவனா என்பதை ஹாசெக் கடைசிவரை சொல்வதில்லை. 1923 தொடக்கத்தில் ஹாசெக் இறந்ததால் நாவல் முற்றுப்பெறவில்லை. அத்தியாயங்கள் நீண்டு செல்வதும், ஷ்வெய்க்கின் கிளைக்கதைகள் திரும்பத் திரும்ப வருவதும் இதன் குறை. ஒரே மூச்சில் படிப்பதைவிடச் சிறுசிறு பகுதிகளாகப் படிப்பது ஏற்றது.

கேட்ச்-22

ஹெல்லர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றியவர். அவரது நாயகன் யோசாரியனும் குண்டுவீசுபவன். மனநிலை பிறழ்ந்தவன் பறக்க வேண்டியதில்லை. ஆனால் அவனே விடுப்பு கேட்க வேண்டும். கேட்டால் அவனுக்கு மனநிலை சரியாக இருக்கிறது என்று பொருள். நாவலின் தலைப்பு இவ்விதியைக் குறிப்பது.

டாக்டர் டேனிகாவின் கதை கோகலைத் தலைகீழாக்கியது போன்றது. பறக்கும் படி பெறுவதற்காக, விமானத்தில் ஏறாமலேயே தன் பெயரைப் பயணிகள் பட்டியலில் சேர்க்கச் செய்பவர் அவர். அந்த விமானம் மலையில் மோதுகிறது. டேனிகா தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டியலின்படி அவர் இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் காப்பீட்டுப் பணம் வருகிறது. உயிரோடு இருப்பதாக அவர் எழுதும் கடிதத்தை மறுப்பதுபோல ராணுவத்தின் அச்சடித்த இரங்கல் கடிதம் வந்து சேர்கிறது. மனைவி புது முகவரியை விட்டுச் செல்லாமல் இடம் மாறிவிடுகிறாள்.

நாவலின் உச்சம் ஸ்னோடன் என்ற இளம் வீரனின் மரணம். முன்பே பலமுறை தொட்டு விலகப்படும் இந்நிகழ்வு, இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில்தான் முழுதாகச் சொல்லப்படுகிறது. காயம்பட்டவனுக்கு வலிநீக்கி கொடுக்க யோசாரியன் மருந்துப்பெட்டியைத் திறக்கிறான். மார்ஃபின் இல்லை. ராணுவத்துக்குள் வணிகப் பேரரசு நடத்தும் மைலோ அதை எடுத்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டை வைத்திருக்கிறான். அதுவரை மைலோவின் வியாபாரத் தந்திரங்களுக்குச் சிரித்த வாசகர், அதன் விலையைச் செலுத்தியவன் யார் என்பதை இங்கே காண்கிறார்.

ராக் தர்பாரி

ஸ்ரீலால் சுக்லா உத்தரப் பிரதேச அரசில் அதிகாரியாகப் பணியாற்றியவர். இந்நாவல் 1969-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. தமிழில் 'தர்பாரி ராகம்' என்ற பெயரில் வெளிவந்தது. ஆராய்ச்சி மாணவன் ரங்கநாத் உடல்நலம் தேற சிவபால்கஞ்ச் என்ற ஊரிலுள்ள தன் மாமா வைத்யஜியிடம் வந்து தங்குகிறான். கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து மூன்றும் வைத்யஜியின் பிடியில் இருப்பதை மெல்லக் கண்டுகொள்கிறான்.

இந்நாவலில் காகிதத்துக்காகக் காத்திருப்பவன் லங்கட். ஓர் ஆவணத்தின் நகலுக்காக அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் ஊனமுற்றவன். லஞ்சத் தொகையில் எழுத்தரோடு தகராறு வர, லஞ்சம் கொடுக்காமல் விதிப்படியே நகல் பெறுவதாகச் சபதம் செய்கிறான். எழுத்தரும் லஞ்சம் வாங்காமல் விதிப்படியே கொடுப்பதாகச் சபதம் செய்கிறார். இருவரும் நேர்மையாக நடந்துகொள்ளும்போதுதான் நகல் கிடைக்காமல் போகிறது. ஊழல் அமைப்பின் பழுது என்ற வழக்கமான எண்ணத்தை இந்தச் சிறு கதை உடைக்கிறது. அங்கே விதிதான் சுவர். லஞ்சம் அதிலுள்ள வாசல்.

எல்லை

இவ்வகை நாவல்களின் ஆபத்து அவற்றின் வெற்றியிலேயே இருக்கிறது. எல்லாமே கேலிக்குரியது என்றாகும்போது, 'எல்லாம் இப்படித்தான்' என்ற சோம்பல் வாசகருக்கு ஆறுதலாகிவிடும். சிவபால்கஞ்சின் மக்களும் லங்கட்டின் அலைச்சலை வேடிக்கை பார்க்கிறார்கள். சுக்லா இதை உணர்ந்தே நாவலை முடிக்கிறார். ஊரைவிட்டு ஓட நினைக்கும் ரங்கநாத்தை முன்வைத்து, ஆராய்ச்சி, கருத்தரங்கு போன்ற மறைவிடங்களுக்குத் தப்பியோடும் படித்த வர்க்கத்தின் மீது அங்கதம் திரும்புகிறது.

பெண்களைப் பொறுத்தவரை இவ்வகைமை பின்தங்கியது. சிவபால்கஞ்சில் பேலா தவிரப் பெண்கள் ஏறக்குறைய இல்லை. அவளும் பிறர் பேச்சில்தான் வாழ்கிறாள். 'கேட்ச்-22'-ல் பெரும்பாலான பெண்கள் ஆண்களின் ஆசைக்கான பொருளாகவே வருகிறார்கள். அதிகாரத்தின் குருட்டுத்தனத்தைக் கண்டுகொண்ட எழுத்து, தன் குருட்டுத்தனத்தைக் காணவில்லை.

வாசிப்புத் தொடர்ச்சி

'கேட்ச்-22'-ஐ விரும்பியவர் அதன் போர்க்களத்துக்காக விரும்பினார் என்றால் 'ஷ்வெய்க்'குக்குச் செல்லலாம். டேனிகாவின் கதை மனதில் நின்றது என்றால் 'இறந்த ஆன்மாக்கள்' அடுத்தது. போர் இல்லாத நாளில், தெரிந்த அலுவலகத்தில், தெரிந்த பஞ்சாயத்தில் இதே தர்க்கம் எப்படி இயங்குகிறது என்று அறிய 'ராக் தர்பாரி' உதவும். அதைப் படித்த தமிழ் வாசகருக்கு சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) புதிதாகத் தெரியும். வியாபாரப் போட்டிக்கும் நகராட்சி அரசியலுக்கும் நடுவே நின்றதைத் தவிர அந்த மரம் வேறு பிழை செய்யவில்லை. அதன் அழிவை நோக்கிச் செல்லும் கதை பல இடங்களில் சிரிக்கவைக்கிறது.

நல்ல கரிய நகைச்சுவை நாவல் சிரிப்பைத் திரும்பக் கேட்கிறது. எந்தப் பக்கத்தில் சிரித்தோம் என்று பின்னால் புரட்டிப் பார்க்கவைப்பதே அதன் தகுதி. அந்த அளவுகோலில் இந்த நான்கும் இன்றும் நிற்கின்றன.