பிரயாண நூற்படமும் சான்றும்: புறூஸின் இருகொம்புக் காண்டாமிருகம்

பழைய பிரயாண நூல்களிலுள்ள விலங்குப் படங்களைக் கண்ணாற் கண்டவரின் சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. அது எத்துணைப் பொருத்தமானது என்பதை ஒரு படத்தைக் கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1515 இல் குஜராத்திலிருந்து லிஸ்பன் நகருக்குக் கொண்டுவரப்பட்ட காண்டாமிருகத்தை அல்பிரெக்ட் டூரர் நேரிற் பார்த்தவரல்லர். பிறர் அனுப்பிய குறிப்பையும் வரைபையும் கொண்டே தம் மரச்செதுக்குப் படத்தை அமைத்தார். அதில் தோல் மடிப்புகள் கவசத் தகடுகளாயின. இயற்கையில் இல்லாத சிறு கொம்பொன்று தோள்மீது முளைத்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நூல்கள் பல அதனையே பெயர்த்து வெளியிட்டன.

நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற ஜேம்ஸ் புறூஸ், 1790 இல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் டூரரின் படத்தைக் கடுமையாகக் கண்டிக்கின்றார். அபிசீனியாவில் வாழும் இருகொம்புக் காண்டாமிருகத்தின் படமொன்றை, நேரிற் பார்த்து வரைந்ததெனக் கூறி முன்வைக்கின்றார். ஆபிரிக்கக் காண்டாமிருகத்தின் உடலில் இந்திய இனத்துக்குரிய பெருமடிப்புகள் இல்லை. புறூஸின் படத்திலோ அவை உள்ளன. 1749 இல் பாரிஸிற் காட்டப்பட்ட இந்திய விலங்கை ஒட்டிப் புஃபோனின் நூலில் அச்சான படத்தோடு இன்னொரு கொம்பைச் சேர்த்ததே இப்படம்.

ஓவியன் தான் முன்னறிந்த வடிவிலிருந்தே காணத் தொடங்குகின்றான் என்பதற்குக் கொம்பிறிச் 1960 இல் வெளியான தமது நூலில் இவ்விரு படங்களையும் எடுத்துக்காட்டினார். அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே, ஆயினும் அதனோடு அமைதல் இயலாது. செப்புத்தகட்டுப் படம் பிரயாணி, வரைவோன், செதுக்குவோன் எனப் பல கைகளைக் கடந்து வருவது. எக்கையில் மடிப்புகள் புகுந்தன என்பதைப் படம் உரைக்காது. கண்டேன் என்னும் ஒருவரின் வாக்கே முழுப் படத்துக்கும் பிணையாகி விடுகின்றது.

உயிருள்ள பசுவின் தசையை அரிந்துண்ணும் வழக்கம் பற்றிப் புறூஸ் எழுதியதை அக்கால இலண்டன் எள்ளி நகையாடியது; பின்வந்தோர் அதற்குச் சான்று கூறினர். எழுத்தில் நம்பத்தகாததாய்த் தோன்றியது மெய்யாயிற்று. படத்தில் மெய்யாய்த் தோன்றியது இரவலாயிற்று.

இலங்கை பற்றிய நூல்களுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டற்பாலது. பால்டேயஸின் நூல் 1672 இல் ஆம்ஸ்ரடாமிலும், நொக்ஸின் நூல் 1681 இல் இலண்டனிலும் அச்சாயின. அவற்றின் படங்களை நம் வரலாற்று நூல்களிற் பெயர்த்து வைக்குமுன், எழுத்தை ஒரு சான்றாகவும் படத்தை வேறொரு சான்றாகவும் தனித்தனியே நிறுத்தி வினவுதல் ஆய்வாளர் கடனாகும்.