காடு நடுநிலை வகிக்குமா?

ஸ்பென்ஸர் சாப்மன் எழுதி 1949-ல் வெளிவந்த ‘தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்’ என்னும் நூல், வனத்தில் உயிர் பிழைக்கும் வித்தையைக் கற்கப் புகுவோருக்கு இன்றும் முதற்பாடமாகக் காட்டப்படுகிறது. காடு எவருக்கும் பகையுமன்று, நட்புமன்று. புகுந்தவனுடைய மனநிலையே அவனை வாழவைக்கும் அல்லது மாய்க்கும் என்பது ஆசிரியரின் கொள்கை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாக் காடுகளில் மூன்றாண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்து, 1945 மே மாதத்தில் நீர்மூழ்கிக் கப்பலேறி மீண்டவர் சொல்லும் சொல். எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் வட சிலாங்கூர்த் தோட்டத்து வாசகர் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை.

நூலின் பலம் அதன் விவரங்களே. வரைபடத்தில் விரற்கடையளவு தூரம் மலைக்காட்டில் நாட்கணக்கான நடையாகிவிடுவதையும், அட்டையும் மலேரியாவும் ஆளைச் சிறுகச் சிறுக உருக்குவதையும் அவர் கூறுமிடத்தில் மிகையே இல்லை. 1942 பிப்ரவரியில், பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில், தோழர் இருவருடன் ரயில் பாதையைத் தகர்த்த பகுதி விறுவிறுப்பானது. அதற்கு அவர்கள் பூண்ட வேடம் எது தெரியுமா? தமிழ்த் தொழிலாளியின் வேடம்! சட்டை, வேட்டி, தலையில் அழுக்குத் துணி. தோலுக்குக் கரியும் அயோடினும் காப்பியும் கலந்த பூச்சு. தமிழனின் உடை அவருக்குப் பயன்பட்டது. காட்டோரத்திலேயே வாழ்ந்த அவனுடைய அனுபவத்துக்கு நூலில் இடம் கிட்டவில்லை.

சாப்மனைக் காப்பாற்றியது மன உறுதி மட்டுந்தானா? சீனக் கொரில்லாக்களின் முகாம்களில் உண்டார். அம்முகாம்களுக்கு அரிசியும் கிழங்கும் காட்டோரக் குடிமக்களிடமிருந்து வந்தன. மலைவாழ் பழங்குடியினர் வழிகாட்டினர். இவற்றை அவரே நன்றியோடு எழுதுகிறார். ஆக, நூலின் உள்ளடக்கமே நூலின் தலைப்பை மறுக்கிறது எனலாம்.

வலுவான மறுப்பு சயாமில் இருக்கிறது. 1942-43-ல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர் சுமார் 12,000. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் அதனினும் பன்மடங்கு. சரியான கணக்குக்கூட எழுதி வைக்கப்படவில்லை. காடு ஒன்றே, மழை ஒன்றே, வாந்திபேதியும் ஒன்றே. கைதிகளிடையே அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தனர். காய்ச்சிய நீரையன்றி வேறு நீரைத் தொடவிடாத அதிகாரிகள் இருந்தனர். நம்மவர்க்கு அவ்விருவரும் இல்லை. இதனை மனநிலை என்று யாரால் சொல்லமுடியும்? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைச் சாப்மன் நூலின் பக்கத்தில் வைத்துப் படித்தால் உண்மை விளங்கும்.

இன்னொரு குறையும் உண்டு. நூல் பெரும்பாலும் மலைக்காட்டையே பேசுகிறது. கோல சிலாங்கூர் இளைஞன் எதிர்ப்படுவதோ கரையில் அலையாத்திக் காடு, உள்ளே ராஜா மூசாவின் கரிச்சதுப்புக் காடு. வழி தப்பினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கு என்னும் மலைக்காட்டுப் பாடம், சரிவே இல்லாத சதுப்பில் செல்லாது. அங்கே நின்ற இடத்தில் நின்று குரல் கொடுப்பதே மேல். நீர் தேயிலைச் சாயம்போலிருக்கும், காய்ச்சாமல் குடிக்கலாகாது. மூட்டிய நெருப்பை அவித்துவிட்டோம் என்று நம்பிப் போனால், அது தரைக்கடியில் புகைந்துகொண்டே சென்று வேறிடத்தில் தலைகாட்டும். கசப்பு மரவள்ளியைத் தோலுரித்து, ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் வாழ்ந்த லயத்துக் குடும்பங்களில் இதனைச் சமையற்கட்டிலேயே கற்றுக்கொண்டார்கள்.