யாருக்குக் காட்ட இந்தப் படம்? 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படத்தை முன்வைத்து

ஒரு படம் ஆஸ்கர் வாசலில் போய் நிற்கிறது. பரிசு அறிவிக்க ஒரு வாரமே இருக்கிறது. அந்த நேரத்தில் படத்தில் வருகிற பெண்களின் பத்திரிகையே ஓர் அறிக்கை விடுகிறது: படம் உருக்கமானதுதான், வலுவானதுதான், ஆனால் எங்களைப் பற்றி அது காட்டுவது சரியல்ல என்று. இது 2022 மார்ச் மாதம் நடந்தது. படம் 'ரைட்டிங் வித் ஃபயர்'. பத்திரிகை, உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியிலிருந்து வருகிற 'கபர் லஹரியா'. முழுநீள ஆவணப்படப் பிரிவில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று பெருமை பேசப்பட்ட படம் அது. வேறு படம் பரிசை வாங்கிக்கொண்டு போனது. நமக்குப் பரிசு முக்கியமில்லை. அந்த அறிக்கை எழுப்பிய கேள்விதான் முக்கியம். வெளிநாட்டுப் பார்வையாளருக்காகப் படம் எடுக்கும்போது நம்ம சனங்களின் வாழ்க்கைக்கு என்ன நேர்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'நாட்டின் மானத்தை வெளிநாட்டில் விற்காதே' என்று கூச்சல் போடுகிறவர்களோடு சேர்ந்து நாம் இதைப் பேசவில்லை. இந்த 'மானம்' யாருடைய மானம் என்பது நமக்குத் தெரியும். லூயி மால் என்ற பிரெஞ்சு இயக்குநர் இந்தியாவைப் பற்றி எடுத்த படங்களை பி.பி.சி. ஒளிபரப்பியதற்காக, 1970இல் அதன் தில்லி அலுவலகத்தையே இந்திய அரசு மூட வைத்தது. 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசக்கூடாது என்று இதே இந்திய அரசு ஒற்றைக்காலில் நின்றது. அப்போது உலகத்தின் முன்னால் போய்ப் பேசியவர்கள் தலித்துகள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்கும்போது, வெளியே போய்ச் சொல்லுகிற உரிமை நமக்கு உண்டு. வெளியே சொல்லலாமா என்று நாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெளியே சொல்லும்போது கதை யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

படத்துக்கு வருவோம். ரிண்டு தாமஸும் சுஷ்மித் கோஷும் சில ஆண்டுகள் கூடவே இருந்து எடுத்த படம். 2002இல் அச்சில் தொடங்கிய பத்திரிகை, செல்பேசி வழியாக வீடியோச் செய்திக்கு மாறுகிற காலத்தைப் பின்தொடர்கிறது. மீரா, சுனீதா, ஷியாம்கலி என்ற மூன்று பெண்கள்தான் மையம். 2021இல் சண்டன்ஸ் விழாவில் பார்வையாளர் விருதையும் நடுவர் சிறப்பு விருதையும் வாங்கியது.

இதில் மெச்ச வேண்டியது நிறைய இருக்கிறது. பின்னணியில் ஒரு குரல் நம்மைப் பற்றி நமக்கே பாடம் நடத்துவதில்லை. செல்பேசியைத் தொட்டே பழகாத பெண்ணுக்கு, இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் அதைச் சக பெண்ணே பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறாள். அறிவு மேலேயிருந்து இறங்கி வருவதாகக் காட்டாமல் பக்கத்திலிருந்து வருவதாகக் காட்டியது சரியான அரசியல். இந்துத்துவ இளைஞர் அமைப்பைச் சேர்ந்த ஒருவன் வாளோடு உட்கார்ந்து பேசுகிறான். எதிரே மீரா பதறாமல் கேள்வி கேட்கிறார். அவன் பேசப் பேச அவனே வெளிப்பட்டுவிடுகிறான். நம்மைப் பற்றிய படங்களில் நாம் எப்போதும் பதில் சொல்கிறவர்களாகவே இருந்தோம். இதில் கேள்வி கேட்கிறவள் தலித் பெண். கேமராவும் அவள் கையில் இருக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது?

உலகச் சந்தைக்குப் போகிற ஆவணப்படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். பணம் இங்கே கிடையாது. ஆம்ஸ்டர்டாமிலும் டொரண்டோவிலும் நடக்கிற பெரிய விழாக்களில் இதற்கென்று தனிச்சந்தை இருக்கிறது. இயக்குநர் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எதிரே தொலைக்காட்சி நிறுவனங்களின் பொறுப்பாளர்கள். சில நிமிடத் துண்டுப்படம் ஒன்றைப் போட்டு, ஏழெட்டு நிமிடத்துக்குள் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கதை ஒரே வரியில் என்ன? நாயகி யார்? அவளுக்கு எதிரே யார்? முடிவில் அவள் எதை இழப்பாள், எதைப் பெறுவாள்? எங்கள் நாட்டுப் பார்வையாளருக்கு இது ஏன் முக்கியம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே படத்தின் எலும்புக்கூடு தயாராகிவிடுகிறது. சதை மட்டுந்தான் புந்தேல்கண்டிலிருந்து வருகிறது.

ஒரே வரியில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடியில் 'தலித் பெண்கள் நடத்தும் இந்தியாவின் ஒரே செய்தித்தாள்' என்று விளம்பரம் வந்தது. தலித் பெண்கள் முன்னின்று நடத்துவது உண்மை. ஆனால் முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண்களும் சேர்ந்துதான் அந்தப் பத்திரிகையைக் கட்டினார்கள். சாதியாகப் பிரிந்து கிடக்கிற ஊரில் இப்படி ஒரு கூட்டு எப்படிச் சாத்தியமானது, அதற்குள் என்னென்ன சண்டை நடந்தது, யார் யார் வீட்டில் தண்ணி குடித்தார்கள் என்பது எவ்வளவு பெரிய கதை! அது ஒரே வரிக்குள் அடங்காது.

'எதிரே யார்?' என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது. மேற்கத்தியப் பார்வையாளருக்குச் சாதி தெரியாது. ஆனால் இந்தியாவில் இந்துத்துவம் ஆட்சிக்கு வந்தது செய்தித்தாள் படித்துத் தெரியும். ஆகவே தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததைக் கடக்கிறது படம். சாதியை ஆரம்பத்திலேயே எழுத்துப் பலகை போட்டு விளக்கிவிட்டு, கதையை 2017, 2019 தேர்தல்களின் பக்கம் நகர்த்துகிறது. கபர் லஹரியாவின் அறிக்கை கை வைத்தது சரியாக இந்த இடத்தில். ஒரே கட்சியைப் பற்றி எழுதுவதே எங்கள் முழுவேலை என்பதுபோல் காட்டியிருக்கிறார்கள், இருபது வருஷமாக நாங்கள் செய்த உள்ளூர்ச் செய்தி வேலை இதில் மறைந்துபோகிறது, பாதிக் கதை முழுக்கதையைத் திரித்துவிடும் என்பது அதன் சாரம். தான் விரும்பும் கதையைச் சொல்ல இயக்குநருக்கு உரிமை உண்டு என்பதையும் அதே அறிக்கை ஒத்துக்கொண்டது.

'பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டார்கள்' என்று சொல்வது சுலபம். படக்குழு விமானம் ஏறிப் போய்விடும். அந்தப் பெண்கள் மறுநாள் அதே காவல் நிலையத்துக்கும் அதே தாலுகா அலுவலகத்துக்கும் போக வேண்டும். நடுநிலையான பத்திரிகை என்ற பெயர் ஒன்றுதான் அவர்களுடைய கவசம். அதைக் காப்பாற்றிக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. 2002க்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜும் ஆண்டது, சமாஜ்வாதியும் ஆண்டது, பாஜகவும் ஆண்டது. எந்த ஆட்சியில் சேரிக்கு அடி விழாமல் இருந்தது? ஆதிக்கச் சாதிக்காரன் எல்லாக் கட்சியிலும் இருக்கிறான். இந்துத்துவத்தை எதிர்ப்பது அவசியம், அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாதியைக் கட்சிக்குள் அடைத்துக் காட்டினால், கட்சி தோற்றால் சாதியும் தோற்றுவிடும் என்று பார்க்கிறவன் நம்பிவிடுவான். நமக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

அடுத்து மொழி. திரையின் அடியில் ஓடுகிற சப்டைட்டில் என்பது இரண்டு வரி. வரிக்கு நாற்பது எழுத்துப் போல. ஐந்தாறு வினாடியில் மறைந்துவிடும். இதற்குள் சாதியை எப்படி அடைப்பது?

வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காக வந்த ஒரு குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பு வேலை செய்து கொடுத்தேன். ஒரு காட்சி. ஊர்த்தெருப் பையன், பன்னிரண்டு வயசு இருக்கும், எங்கள் தெருப் பெரியவரைப் பார்த்து 'ஏலே மாடா, இங்க வா' என்கிறான். அவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டே 'வாரேன் சாமி' என்கிறார். மொத்த கிராமமும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. இங்கிலீஷில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். 'சாமி'யை 'சார்' ஆக்கினார்கள். படித்துப் பார்த்தால், ஒரு சிறுவன் கூப்பிடுகிறான், பெரியவர் மரியாதையாகப் பதில் சொல்கிறார். நல்ல கிராமம்! கடைசியில் 'இதில் ஒன்றும் நடக்கவில்லையே' என்று அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள்.

ஒன்றும் நடக்காதது போல் நடப்பதுதான் சாதி. நிறத்தைப் போல அது கண்ணுக்குத் தெரியாது. கூப்பிடுகிற விதத்தில், உட்காருகிற இடத்தில், டம்ளரில், செருப்பில் இருக்கிறது. மொழி தெரியாத எடிட்டருக்கு அது தட்டுப்படாது. தட்டுப்பட வேண்டுமென்றால் ரத்தம் வேண்டும், எரிந்த குடிசை வேண்டும், கதறுகிற தாய் வேண்டும். ஆகவே உலகத் திரையில் நமக்கு இரண்டே வேடம். ஒன்று பிணம். இன்னொன்று எல்லாத் தடையையும் உடைத்துக்கொண்டு வந்த அபூர்வமான வீராங்கனை. 'ரைட்டிங் வித் ஃபயர்' முதல் வேடத்தைக் கழற்றி எறிந்தது. அதற்காக அதை வரவேற்க வேண்டும். இரண்டாவது வேடத்திலிருந்து அதனால் முழுக்கத் தப்ப முடியவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' 2011இல் வந்தது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டு 10 பேர் செத்தார்கள். அந்தத் துக்கத்தில் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். அங்கே தொடங்கி 14 ஆண்டுகள் எடுத்த படம். பாடல்களைப் பாதியில் வெட்டாத படம். ஒற்றை நாயகன் கிடையாது. எல்லாக் கட்சியும் கேள்விக்கு உள்ளாகிறது, தலித் தலைவர்களும் தப்பவில்லை. இயக்குநர் தலித் இல்லை. ஆனாலும் 2012 ஜனவரியில் மும்பை பைகுல்லாவின் சாள் குடியிருப்பில், தலித் மக்கள் முன்னால் அதைத் திரையிட்டார். உலக விழாக்களுக்கும் அந்தப் படம் போனது. யார் முன்னால் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

நம் பக்கத்தில் ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003) இருக்கிறது. மதுரையில் ஒரு துப்புரவுத் தொழிலாளிப் பெண் தெருவில் மலம் அள்ளுகிற காலை வேலையைக் கூடவே நடந்து எடுத்திருக்கிறார். நாயகி, எதிரி, முடிவு என்று எந்தச் சரக்கும் இல்லை. வேலை நடக்கிற நேரம் முழுவதையும் நம்மைப் பார்க்க வைக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறவனின் சாதியையும் அது காட்டிக்கொடுத்துவிடும். 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. திரையிடப் போலீஸ் விடவில்லை. யூடியூபில் ஏற்றினார்கள், தமிழ் பேசுகிறவன் பார்த்தான். வெளிநாட்டான் கேட்கும் முன்பே உள்ளூர் அரசு பதறியது.

ஆகவே படம் எடுக்கிற தோழர்களிடம் கேட்பது இவைதான். கையெழுத்து வாங்குகிற ஒப்புதல் தாளை அந்த மக்களின் மொழியில் படித்துக் காட்டுங்கள். படத்தை விழாவுக்கு அனுப்புமுன், வெட்டவும் சேர்க்கவும் நேரம் இருக்கும்போதே அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் ஆட்சேபித்தால் பதில் சொல்லுங்கள். எடிட் மேசையில் அந்த வட்டாரப் பேச்சு தெரிந்த, அந்தத் தெருவிலிருந்து வந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். 'ஏலே' என்பதற்கு இங்கிலீஷ் இல்லையென்றால் அதை அப்படியே போட்டுவிட்டுப் போங்கள். பார்க்கிறவன் கொஞ்சம் சிரமப்படட்டுமே. கூப்பிடுகிற அந்தச் சொல்லோடு நாம் எத்தனை தலைமுறையாகச் சிரமப்படுகிறோம்!

நம் மாணவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இன்றைக்குக் கையில் செல்பேசி இல்லாத பிள்ளை சேரியில் குறைவு. கபர் லஹரியாவின் பெண்கள் அதை வைத்துக்கொண்டு தங்கள் மாவட்டத்துச் செய்தியைத் தாங்களே சொன்னார்கள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் எடுத்த படம் உலகம் சுற்றியது. அவர்கள் தாங்களே எடுத்து வெளியிட்ட வீடியோக்களில் எத்தனையை நாம் பார்த்திருக்கிறோம்?