மின்சார ஸ்கூட்டர்: பேட்டரி தாங்கினால்தான் லாபம்

மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி வைத்த வண்டி ஒன்றைச் சென்னை வெயிலிலும் மழையிலும் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: அதைவிட முக்கியமான கேள்வி, இந்த பேட்டரி கெட்டால் யார் சரி செய்வார்கள் என்பது.

ஓட்டுவதற்கு அருமையான வண்டி. சிக்னலில் பச்சை விழுந்ததும் திணறாமல் கிளம்புகிறது, நெரிசலில் நின்றாலும் என்ஜின் சூடு காலைச் சுடுவதில்லை. தனியாக நிதானமாகப் போனால் 100 கிலோமீட்டரை நெருங்கலாம். பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலங்களை வேகமாக ஏறி இறங்கினால் 75, 80 தான் கிடைக்கும். நகரத்துக்குள் அது தாராளம்.

சிக்கல் வீட்டில் தொடங்குகிறது. சார்ஜருக்கு நல்ல எர்த் உள்ள 15 ஆம்ப்ஸ் பிளக் வேண்டும். தனி வீட்டில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், அதுவும் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? காமன் மீட்டரில் போட்டால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். தன் மீட்டரிலிருந்து கீழே வயர் இழுக்க வீட்டு ஓனரும் சங்கமும் சம்மதிக்க வேண்டும். கரண்ட் பில்லையும் கவனியுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 70 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். 450-இல் நிற்கிற குடும்பம் ஸ்கூட்டரால் 520-க்குப் போனால், அந்த 70 யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பயனில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் தீர்ந்த வண்டி தீர்ந்ததுதான். வெள்ளம் இன்னொரு கவலை. பேட்டரியில் 'ஐ.பி. 67' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளம் அரை மணி நேரத்தில் வடிவதில்லை.

சுற்றுச்சூழல் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதே காரணம். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் என் வண்டி கிலோமீட்டருக்கு 25 கிராம் வெளியேற்றுகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் 46 கிராம் வெளியேற்றும். ஆக, மின்சார வண்டி மேல்தான். ஆனால் தி.நகரில் விடாத புகைக்கு விலை கொடுப்பது எண்ணூர். அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களில் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்களின் கழிமுகம் அது. 'மாசில்லா வண்டி' என்று விளம்பரம் செய்கிறவர்கள் ஒருமுறை அந்தக் கரையில் போய் நின்று பார்க்க வேண்டும்.

வண்டி நம் கைக்கு வரும் முன்பே அதன் தலையில் ஒரு கடனும் ஏறிவிடுகிறது. ஒரு யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியைத் தயாரிக்கச் சுமார் 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகும். 3 யூனிட்டுக்கு 180 முதல் 300 கிலோ. கிலோமீட்டருக்கு 20 கிராம் மிச்சப்படுத்தி இதை அடைக்க 9,000 முதல் 15,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அடைத்துவிடுவார். அதற்கு பேட்டரி நீடித்து உழைக்க வேண்டும்.

உழைக்குமா? பழுதான பேட்டரி ஒன்றை ஒரு பட்டறையில் பிரித்தபோது கூடவே நின்று பார்த்தேன். பென்டார்ச் செல்லைவிடச் சற்றுப் பருத்த செல்கள் நூற்றுக்கும் மேல், 14 கூட்டமாகப் பிரித்து, நிக்கல் பட்டை வைத்து வெல்டு செய்திருந்தார்கள். 13 கூட்டங்கள் நன்றாகவே இருந்தன. ஒன்றில் மட்டும் மின்னழுத்தம் இறங்கியிருந்தது. பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட், பலவீனமான அந்த ஒரு கூட்டத்தைப் பார்த்து மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது. அந்தச் சில செல்களை மட்டும் மாற்றலாமே என்றால், எல்லாவற்றையும் சுற்றி ரப்பர் போன்ற பசையை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். மெக்கானிக் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது ஆகாதுண்ணே, முழு பேட்டரியும் மாத்தணும்" என்றார். ஐம்பதாயிரத்துக்குக் குறையாத செலவு.

பசைக்கு நியாயம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் இப்படித் தீ விபத்துகள் நடந்த பிறகே பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் இறுகின. ஒரு செல் எரிந்தால் தீ பக்கத்துச் செல்லுக்குத் தாவாமல் இருக்க வேண்டும், பசை ஊற்றுவது அதற்காகத்தான். அதில் சமரசம் கூடாது. ஆனால் தீயும் தாவாமல், கெட்ட கூட்டத்தை மட்டும் கழற்றவும் முடிகிற மாதிரி வடிவமைப்பது பொறியியலில் நடக்காத காரியம் இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பெரிய ஆலைகள் வைத்து ஸ்கூட்டர் தயாரிக்கிறோம். இந்தக் கோரிக்கை இங்கிருந்தே எழ வேண்டும்.

பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. காயலான் கடைக்காரரோ ஈய பேட்டரியை ஆசையாக எடுத்துக்கொள்வார், லித்தியத்தைத் தொடத் தயங்குவார்.

ஷோரூமில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வெள்ளத்தில் நனைந்தால் அது செல்லுமா, ஒரு பகுதி மட்டும் கெட்டால் மாற்றித் தருவார்களா. தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வீட்டிலேயே பிளக் வசதி உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். வாரம் ஒருமுறை மார்க்கெட்டுக்குப் போய்வரத்தான் வண்டி என்றால், வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரை விற்காதீர்கள்.