பைக்கு யார் விலை கொடுப்பது?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலங்கைக் கடைகளிற் புதியதொரு வினா ஒலிக்கத் தொடங்கிற்று. சாமான்களைக் கணக்கிட்டு முடித்ததும் காசாளர், "பை வேணுமோ?" என்று கேட்கின்றார். வேண்டும் என்றால் அதற்கும் சில ரூபாய் சேரும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அதற்கு முந்திய மாதம் வர்த்தமானியில் வெளியிட்ட பணிப்பு, பொலித்தீன் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுப்பதைத் தடைசெய்தது. பையின் விலையைக் கடையிற் காட்டவும் பற்றுச்சீட்டிற் குறிக்கவும் வணிகரைப் பணித்தது. அன்று தொட்டு வாங்குவோரிடையே எழுந்த முணுமுணுப்பே இக்கட்டுரைக்குப் பொருள்.

இம்முணுமுணுப்பை அற்பமென ஒதுக்குவோர் நம்மிடையே உளர். ஆயிரக்கணக்கிற் சாமான் வாங்குகிறவன் இரண்டொரு ரூபாய்க்கு அழுவதா என்பது அவர்தம் ஏளனம். வேறு சிலரோ, சூழல் பற்றிய பேச்செல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகின்றனர். பின்னவர்களுள் என் நண்பர்களான இடதுசாரிகளும் சிலர் இருத்தலால் அவர்களுக்கே முதலில் விடை கூறவேண்டியுள்ளது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரில் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்கள் கொள்ளுப்பிட்டியிலோ கறுவாத்தோட்டத்திலோ வாழ்ந்தவர்கள் அல்லர். குப்பைமேட்டின் அடிவாரத்திற் சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். நகரத்தின் கழிவு எங்கே கொட்டப்படும் என்பது வர்க்கப் பிரச்சினையன்றி வேறென்ன? அவ்வாண்டு செத்தெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்கும் சோறு கட்டும் தாள்களுக்கும் தடை பிறந்தது. தடை ஏட்டில் இருந்தது. பையோ கடையில் இருந்தது. ஆகவே பொலித்தீன் குறையவேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. குறைக்கும் சுமையை எவர் தலையில் ஏற்றுகின்றோம் என்பதே கேள்வி.

முதலில் 'இலவசம்' என்ற சொல்லைச் சற்றே உரசிப் பார்த்தல் வேண்டும். முன்னர் கிடைத்த பை இலவசமாகவா கிடைத்தது? வணிகன் எப்பொருளையும் தன் கையிலிருந்து ஈவதில்லை. கடை வாடகையும் மின்சாரக் கட்டணமும் பரிசிக்கும் பருப்புக்கும் இடும் விலையினுள் எவ்வாறு அடங்கியிருந்தனவோ, அவ்வாறே பையின் விலையும் அடங்கியிருந்தது. நாம் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கண்ணுக்குத் தெரியாமற் கொடுத்தோம். இப்பொழுது அவ்விலை தனியே பிரித்தெடுக்கப்பட்டுப் பற்றுச்சீட்டில் ஒரு வரியாக நிற்கின்றது. பிரித்தெடுத்த அளவுக்குப் பருப்பின் விலை குறைந்ததா? குறைந்ததாக நான் அறியேன். வாங்குவோனுக்கு இக்கணக்கை எடுத்துரைக்கத் தெரியாதிருக்கலாம். ஆயின் ஒரே பொருளுக்கு இருமுறை காசு கேட்கப்படுவதாக அவன் உள்ளுணர்கின்றான். அவ்வுணர்வைக் கஞ்சத்தனம் என்று பெயரிட்டு நகைப்பது நேர்மையன்று.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்கும் பையில் அக்கடையின் பெயரும் சின்னமும் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்குமாயின், அதைத் தெருவெங்கும் தூக்கிச் செல்பவன் கடைக்கு விளம்பரக் கூலியாள் ஆகின்றான். கூலி பெறாத கூலியாள்; போதாததற்குத் தானே காசும் கொடுக்கின்றான்.

சில வாரங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் மாலை வேளையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே நின்றவர் மேசன் வேலை முடிந்து நேரே வந்திருந்தார். முழங்கையிற் சீமெந்து உலர்ந்திருந்தது. ஒரு இறாத்தல் பாண், கால் கிலோ சீனி, சிறிய தேயிலைப் பக்கெற்று, இரண்டு முட்டை. பை வேணுமோ என்ற கேள்விக்கு, "அதுக்கும் காசோ, பிள்ளை?" என்றார். "ஓம் ஐயா" என்று தலை குனிந்தபடி விடை சொன்னாள் அப்பெண். அவர் ஒன்றும் பேசவில்லை. பாணைக் கக்கத்தில் இடுக்கி, முட்டையைச் சட்டைப் பையிலிட்டு, மிகுதியைச் சாரத்தின் மடியில் முடிந்துகொண்டு போனார். அவருக்குப் பின்னால் நின்ற நான், பணிப்பை வரவேற்று மாணவரிடம் பேசியவன், அன்று பை கொண்டுவர மறந்திருந்தேன். காசு கொடுத்து வாங்கினேன். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் நாம் கவனித்தல் வேண்டும். மாதச் சம்பளக்காரன் மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வாகனத்திற் சென்று கடதாசிப் பெட்டியிற் சாமான் ஏற்றி வருகின்றான். நாட்கூலி பெறுபவன் அன்றன்று பெற்ற காசுக்கு அன்றன்று வாங்குகின்றான். வேலைத்தலத்திலிருந்து நேரே வருகின்றான். ஆகவே வாங்கும் சாமானின் பெறுமதியோடு ஒப்பிட்டாற் பைக்கு அதிகம் கொடுக்க நேர்பவன் அவனே. அவன் வீட்டிற் பொலித்தீன் பை ஒருமுறையோடு எறியப்படுவதுமில்லை. மழைக்குத் தலையிற் கவிழ்ப்பதும் அதுவே, பிள்ளையின் கொப்பிகளைச் சுற்றுவதும் அதுவே, மறுநாட் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோவதும் அதுவே.

முணுமுணுப்பு யார்மேல் விழுகின்றது என்பதும் கருதத்தக்கது. பொலித்தீனின் மூலப்பொருள் இந்நாட்டில் உற்பத்தியாவதன்று, இறக்குமதியாகி வருவது. இறக்குமதியாளரை வாங்குவோன் காண்பதில்லை. கடை முதலாளியையும் காண்பதில்லை. நாள் முழுவதும் நின்று வேலைசெய்யும் இருபது வயதுப் பெண்ணையே காண்கின்றான்; அவளையே ஏசுகின்றான். உழைப்பவன் உழைப்பவளைத் திட்டிவிட்டுப் போக, விலையை வகுத்தவர்கள் அமைதியாக இருக்கின்றனர்.

பிறநாட்டு அனுபவம் இங்கே பயன்தரும். ஐயர்லாந்து 2002 ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு பைக்குப் 15 சதம் வரி விதித்தது. 2007 இல் அது 22 சதமாயிற்று. ஆண்டொன்றுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 328 பைகள் என்றிருந்த பாவனை 21 அளவுக்கு வீழ்ந்தது. வாங்குவோர் அங்கும் முணுமுணுத்திருப்பர். ஆயினும் அக்காசு கடைக்காரனின் இலாபமாகவில்லை. அரசிறைக்குச் சென்று சுற்றாடல் நிதியத்திற் சேர்ந்தது. இங்கிலாந்தின் வழி வேறு. அங்கு 2014 இல் ஏழு பெருங்கடை நிறுவனங்கள் மட்டும் எழுநூற்று அறுபது கோடிப் பைகளை வழங்கியிருந்தன. 2015 ஒக்டோபரிற் பெரிய கடைகளுக்கு 5 பென்சு கட்டணம் விதிக்கப்பட்டது. 2021 இல் அது 10 பென்சாகி எல்லாக் கடைகளுக்கும் விரிந்தது. மெல்லிய பைகளின் தொகை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வீழ்ந்தது உண்மை. ஆனால் அக்கட்டணம் வரியன்று. பணம் கடையிடமே தங்கும். நற்பணிகளுக்குக் கொடுப்பர் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. 'வாழ்நாட் பை' என்ற பெயரில் தடித்த பிளாஸ்ரிக் பைகளின் விற்பனையும் பெருகிற்று.

நமது பணிப்பு இங்கிலாந்தின் வழியையே ஒத்தது. வரி விதிக்கும் அதிகாரம் நுகர்வோர் அதிகாரசபைக்கு இல்லை. அது செய்யக்கூடியது விலையைக் காட்டச் சொல்வதே. பயன் இராது என்று நான் சொல்லவரவில்லை. காசு என்றதும் மக்கள் பையை மடித்து எடுத்துவரத் தொடங்குவர், அது நன்மையே. எனினும் திரளும் காசு குப்பை அள்ளும் நகரசபைத் தொழிலாளிக்கு ஒரு கையுறையாகவேனும் திரும்பிவர வழி வகுக்கப்படவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் பனையோலையைப் பாடத் தொடங்கிவிடுவர். மீனுக்கு உமலும் மரக்கறிக்குக் கடகமும் இருந்தன, பலசரக்கைக் கடதாசிச் சரையிற் கட்டித் தந்தனர் என்பதெல்லாம் மெய்தான். என் பாட்டி உமல் இல்லாமற் சந்தைக்குப் போனதை நான் கண்டதில்லை. ஆயினும் ஓலை வார்ந்து, விரல் கீறிப் பெட்டி இழைத்த பெண்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று அப்பொழுது எவர் கேட்டார்? இன்று பனையோலைப் பை உல்லாசப் பயணிகளுக்கான அழகுப் பொருளாகிக் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றது. முன்சொன்ன மேசன் தொழிலாளியால் அதை வாங்க இயலாது, இழைத்தவளாலும் இயலாது. பழமையைப் போற்றுவதால் மட்டும் இந்த இடைவெளி அடைபடாது.

அடைப்பதற்கு முற்றிலும் புதியதொரு வழியைத் தேடவேண்டியதுமில்லை. சோடாப் போத்தலுக்கு முற்பணம் வாங்கி, வெற்றுப் போத்தலைக் கொடுத்ததும் காசைத் திருப்பித் தந்த வழக்கம் நம்முட் பலருக்கு நினைவிருக்கும். போத்தல் தெருவிற் கிடந்ததில்லை. கிடந்தாலும் ஒரு சிறுவன் அதைப் பொறுக்கி ஓடுவான். துணிப் பைக்கும் அவ்வாறே முற்பணம் வைத்துக் கொடுத்து, திருப்பித் தரும்பொழுது காசை மீளக் கொடுக்க நமது கூட்டுறவுச் சங்கக்கடைகளுக்கு என்ன தடை? தைப்பதற்குக் கிராமந்தோறும் பெண்கள் இருக்கின்றனர். சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கு ஆசிரியர்களாகிய நாம் அங்கத்தவர்களாகச் செல்கின்றோம். பெரும்பாலும் தேநீர் அருந்தியபின் திரும்பிவிடுகின்றோம். அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாக எழுதிக் கொண்டுபோக எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.