சல்லரியின் விலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கூத்துக் களரி கட்டினால் மத்தளமும் சல்லரியும் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டு எடுக்க, சல்லரியின் சிறு வெண்கலத் தட்டுகள் இரண்டும் மோதி ஆட்டக்காரரின் காலுக்கு அளவு சொல்கின்றன. இந்தச் சோடிக்கு விலை வைப்பது எது? உலோகம்தான் என்பார்கள். செம்பும் வெள்ளீயமும் இறக்குமதி. 2022இல் டாலர் சுமார் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது அடக்கவிலையும் ஏறத்தான் செய்திருக்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் அது அடிவிலை மட்டுமே. பழைய சாமான் கடைத் தராசில் நாதமுள்ள சல்லரிக்கும் விரிசல் விழுந்த சல்லரிக்கும் எடைக்கு எடை ஒரே காசு. இரண்டையும் பிரித்து விலை சொல்வது, தட்டிப் பார்த்து வாங்குகிறவரின் காது.

அந்தக் காதுகள் குறைவு என்பதே சிக்கல். வெண்கலம் தலைமுறை தாண்டி உழைக்கும். ஒரு களரிக்கு ஒரு சோடி போதும். வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்க வேண்டுமே என்று கேட்கலாம். குவித்து வைத்து விற்கும் சரக்குக்கு அது சரி. சொல்லிச் செய்விக்கும் பொருளில் அச்சு எடுத்து, உலை மூட்டி, நாதம் பார்த்துத் தேய்க்கும் கூலி முழுவதும் அந்த ஒரு சோடியின் தலையிலேயே விழும். சல்லரி மலிய வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் கூத்துப் பழக வேண்டும். நாலைந்து பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரே தடவையில் சொல்லிவைத்து வாங்கினாலும் நல்ல தொடக்கம்தான்.